சப்பாத்துக்காரன் போட்ட பாதை

1

இன்று காலை சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஆபீசுக்கு நடந்து போனேன். கழுத்தில் டையும் காலில் மண்ணுமாக ஒரு நகரசபைக் குமாஸ்தா நடந்துபோனால் பினாங்கில் நாலு பேர் பார்ப்பார்கள். பார்த்தார்கள். மூலைக் காப்பிக்கடைச் சீனர், "அறுந்துபோச்சா?" என்று மலாயில் கேட்டார். ஆபீஸ் வாசலில் எங்கள் பெரிய குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்து, "என்ன ராஜவேலு, கோயிலுக்கு நேர்த்தியோ?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொல்ல அலுப்பாக இருந்தது.

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் பூந்தமல்லிப் பக்கத்துக்காரர்களாக இருந்தால் அந்தச் சாலையில் நடந்திருப்பீர்கள்.

பாரிவாக்கம் சாலையில் என் அக்கா கன்னியம்மா மோட்டார் பஸ்ஸில் அடிபட்டு இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது. உயிர் பிழைத்தாள். வலது கால் முட்டி இனி மடங்காது. அவள் அடிபட்ட இடத்தில் ஜனங்கள் நடப்பதற்கென்றே சாலையோரமாக ஒரு தனிப் பாதை இருந்தது. விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பமாக எழுதி அந்தப் பாதையை வாங்கிக் கொடுத்தவன் நான். அக்கா அதில் நடக்கவில்லை. பக்கத்தில் ரோட்டில் நடந்தாள். ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கப்பலேறிப் போகவேண்டியிருந்தது.

2

என் வேலையைப்பற்றி முதலில் சொல்லவேண்டும். இங்கே கடைவீதிகளில் கட்டடத்தின் மாடி முன்பக்கம் நீண்டு தூண்கள்மேல் நிற்கும். அதற்கடியில் ஐந்தடி அகலத்துக்கு ஜனங்கள் நடக்க வழி விடவேண்டும் என்பது சட்டம். வெயில் படாது, மழை படாது. நம்மவர்கள் இதை அஞ்சடி என்பார்கள். சட்டம் ஐந்தடி என்கிறது. கடைக்காரர் விடுவது ஓரடி. மீதி நாலடியில் வெங்காய மூட்டை, கருவாட்டுக் கூடை, தையல் மிஷின், சவரக்காரரின் நாற்காலி எல்லாம் குடியிருக்கும். 'மேற்படி பொருட்களை இத்தனை நாட்களுக்குள் அகற்றவும்' என்று நோட்டீஸ் எழுதுவது என் உத்தியோகம். பதினெட்டு வருஷமாக எழுதுகிறேன். மூட்டைகள் ஒரு வாரம் உள்ளே போகும். மறுவாரம் வெளியே வரும். எனக்கும் வெங்காயத்துக்கும் இப்போது நல்ல பழக்கம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். இந்த உத்தியோகத்தில் எனக்குக் கர்வம் உண்டு. எங்கள் எஞ்சினீயர் துரை அடிக்கடி சொல்வார், வண்டி போகும் இடத்தையும் மனிதன் நடக்கும் இடத்தையும் பிரித்துவிட்டால் பாதி விபத்து நின்றுவிடும் என்று. ஊருக்கு வெளியே அஞ்சடி இல்லாத சாலைகளில் அவர் ஓரப்பாதை போடுவார். சாலையைவிட ஆறங்குலம் உயரம், விளிம்பில் கரைக்கல், மேலே நன்றாக உடைத்த ஜல்லி. ஜல்லி எதற்கென்றால் மழைக்கு. இங்கே வருஷம் முழுக்க மழை. மண்ணாக விட்டால் முழங்கால் சேறு. அளவெல்லாம் எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இங்கிலீஷில் சொல்லுவேன்.

இப்படி அளவு தெரிந்த மனிதன் ஊருக்கு ஒரு நல்ல காரியம் செய்ய ஆசைப்பட்டதுதான் இந்தக் கதை.

3

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். பாரிவாக்கத்தில் கட்டிக் கொடுத்தோம். மாமா காலமான பிறகு அரைக் காணி மல்லித் தோட்டத்தை அவளே பார்த்துக்கொண்டாள். விடியுமுன் மொக்குப் பறித்து, கூடையில் ஈரத்துணி போட்டு மூடி, தலையில் வைத்துக்கொண்டு பூந்தமல்லிக்கு நடப்பாள். கூடவே எட்டுப் பத்துப் பெண்கள் வருவார்கள். பூ பட்டணத்துக்குப் போகிற வண்டியில் வெயில் ஏறுமுன் ஏறியாகவேண்டும். பிந்தினால் மொக்கு துவண்டுவிடும். துவண்ட மொக்கை வியாபாரி தொடமாட்டான். அதனால் அந்த நடை எப்போதும் வேகநடை.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. எனக்கு வரும் கடிதமெல்லாம் காதர் பாய் எழுதுவது. பூந்தமல்லியில் தகரக்கடை வைத்திருக்கிறார். புனலும் சிம்னி விளக்கும் செய்வார். பூவைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது அக்கா அவர் கடை வாசலில் குந்திக்கொண்டு சொல்லுவாள், அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு எழுதுவார். நான் எழுதும் பதிலையும் அவரே படித்துக் காட்டுவார். இந்தப் பக்கம் சொன்னது அந்தப் பக்கம் அப்படியே போய்ச் சேருகிறது என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

ஒருநாள் இந்தக் கடிதம் வந்தது:

"தம்பி ராஜவேலுக்கு அக்கா எழுதறது. பூந்தமல்லிக்கும் ஆவடி டேசனுக்கும் மோட்டார் பஸ்சு உட்டுக்கீறான். முன்னெல்லாம் மாட்டு வண்டி வந்தா மணி சத்தம் கேக்கும், பேசிகினே ஒதுங்கிக்குவோம். இவன் ஆரன் அடிச்சி நாம திரும்பறதுக்குள்ள மேல வந்து நிக்கிறான். தலையில கூடையோட எப்புட்றா சட்டுனு திரும்பறது? போன மாசம் நம்ம அம்சா தோள்ல இடிச்சிட்டு நிக்காம பூட்டான். கூடை மொத்தமும் ரோட்ல கொட்டிப் போச்சி. ஜனங்களுக்கு நடக்க வழி உட்றதுதான் உன் வேலைன்னு எழுதினியே. நம்ம ஊருக்கும் எதுனா பண்ணுடா."

இந்தக் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். ஊரை விட்டு வந்ததிலிருந்து அக்கா என்னிடம் எதுவும் கேட்டதில்லை. முதல்முறையாகக் கேட்கிறாள், அதுவும் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைக் கேட்கிறாள். அன்று மாலை ஆபீசில் எல்லோரும் போனபிறகு உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினேன்.

4

அந்த ஜில்லாவில் சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆபீசுக்கு என் விண்ணப்பம் போய், நாலு மாதம் கழித்து ஒரு வரிப் பதில் வந்தது: வெளிதேசத்தில் வசிப்பவரின் விண்ணப்பம் ஏற்பதற்கில்லை. சரி, ஊர்க்காரர்கள் பெயரில் எழுதினேன். கையெழுத்து வேண்டும் என்றார்கள். பூக்காரப் பெண்கள் அத்தனை பேரும் காதர் பாய் கடையில் சிம்னிக் கரியில் கட்டைவிரலை ஒற்றிக் காகிதத்தில் வைத்தார்கள். கரி ரேகை செல்லாது, மை வேண்டும் என்று திருப்பினார்கள். மையில் வைத்து அனுப்பினோம். படம் எங்கே என்று கேட்டார்கள். நினைவிலிருந்தே சாலைப் படம் வரைந்து அனுப்பினேன். 'படத்தில் கிணறு சாலைக்கு மேற்கே காட்டப்பட்டுள்ளது. உள்ளபடி கிழக்கே உள்ளது' என்று அதுவும் திரும்பி வந்தது. சின்ன வயதில் நான் குதித்துக் குளித்த கிணறு. அதை இடம் மாற்றி வைத்ததற்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அதை நான் ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கிணற்றை அழித்துக் கிழக்கே போட்டேன்.

என்னமாதிரிப் பாதை வேண்டும் என்பதில்மட்டும் ஒரு கேள்வியும் வரவில்லை. ஏனென்றால் அதை நான் துரை பாணியில் அக்குவேறு ஆணிவேறாக எழுதியிருந்தேன். நாலடி அகலம், ஆறங்குல உயரம், விளிம்பில் கரைக்கல், மேலே உடைத்த ஜல்லி. சேறு ஆகாமல் இருக்க ஜல்லி அவசியம் என்று அடிக்கோடு வேறு போட்டேன். நம் பக்கத்தில் வருஷத்தில் எத்தனை நாள் சேறு இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பினாங்கு மழை பெய்துகொண்டிருந்தது.

எல்லாம் முடிந்து சாங்ஷன் ஆவதற்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பாரிவாக்கத்திலிருந்து பூந்தமல்லி எல்லைவரை பாதை போட்டுவிட்டார்கள். அக்காவின் கடிதம் வந்தது: "பாதை வந்துட்சி தம்பி. ஊரே உன் பேரைத்தான் சொல்லிகினு கீது. ஓவர்சீயர் வந்து, இது பினாங்குல கீற மாரியே கீதுன்னு சொன்னாரு. எனக்கு எவ்ளோ பெருமை தெரியுமா." என் மகள் ஜானகிக்கு அதைப் படித்துக் காட்டினேன். அவளுக்குப் பதின்மூன்று வயது, கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். "ஓ, குட்," என்றாள். ஆபீசிலும் ரெண்டு பேருக்குக் காட்டினேன். ஒரு வாரம் எனக்கு நடையே மாறியிருந்தது.

5

பாதை போட்டு ஏழு மாதத்தில் அக்கா அடிபட்டாள்.

காதர் பாய் சுருக்கமாக எழுதியிருந்தார். விடியற்காலை, கூடையோடு, பின்னாலிருந்து பஸ். முட்டியில் எலும்பு நொறுங்கிவிட்டது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பயப்படவேண்டாம். அவ்வளவுதான். கீழே ஒரு வரி: 'ரோட்டின் மேல் நடந்துகொண்டிருந்தார்கள்.'

நான் அழுதேன் என்று எழுதத்தான் ஆசை. அழவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. இரண்டு வருஷம் மன்றாடி வாங்கிய பாதை பக்கத்திலேயே கிடக்க, இவள் ரோட்டில் எதற்கு நடந்தாள்? வருஷக்கணக்காகக் கடைக்காரர்களுக்கு எழுதிப் பழகிய கை, அன்று அக்காவுக்கும் ஒரு நோட்டீஸ் எழுதியது. 'ஜனங்களுக்கென்று பாதை போட்டுக் கொடுத்த பிறகும் வேண்டுமென்றே ரோட்டில் நடப்பவர்களுக்கு யார் என்ன செய்ய முடியும்? உங்களுக்கெல்லாம் நல்லது செய்வதே வீண்.' உங்களுக்கெல்லாம் என்று எழுதினேன். எந்த ஊர்க்காரன் எந்த ஊர்க்காரருக்கு எழுதினேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. ஆத்திரம் ஆறுவதற்குள் தபாலிலும் போட்டுவிட்டேன்.

பதில் வந்தது. அக்கா சுகம், உங்களையும் குழந்தையையும் கேட்டார்கள் என்று காதர் பாய் எழுதியிருந்தார். நான் திட்டியதைப்பற்றி ஒரு சொல் இல்லை. அது என்னை இன்னும் தொந்தரவு செய்தது. சேர்த்துவைத்த லீவை எல்லாம் எடுத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து ஜானகியோடு கப்பலேறினேன்.

6

அக்கா வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில், ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. "வாடா," என்றாள். "இன்னாடா இவ்ளோ இளைச்சி பூட்டே?" கால் போனவள் என்னைப் பார்த்து இளைத்துவிட்டாய் என்கிறாள். ஜானகியை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டு, அவள் வெள்ளைக் காலுறையையும் கறுப்புச் சப்பாத்தையும் தடவித் தடவிப் பார்த்தாள். ஜானகி தமிழைத் தேடிப் பிடித்து, "உங்களுக்கு வலி இருக்கா அத்தை?" என்றாள். "உன்னைப் பாத்தப்பால இன்னாடி வலி," என்று அக்கா சிரித்தாள்.

அன்றைக்கு நான் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் விடியுமுன் பூக்காரப் பெண்கள் புறப்படும்போது நானும் கூடப் போனேன். என் பாதையைப் பார்க்கவேண்டும் அல்லவா?

அழகாக இருந்தது. அளவு ஓர் அங்குலம் பிசகவில்லை. கரைக்கல் நேராக ஓடியது. ஆனால் ஜல்லி நேற்றுக் கொட்டியதுபோல முனை மழுங்காமல் கிடந்தது. இத்தனை மாதம் ஊர் நடந்திருந்தால் அது இப்படிக் கிடக்காது. நான் பாதைமேல் ஏறி, கரக் கரக் என்று நடந்தேன். பெண்கள் கூடையோடு கீழே ரோட்டின் ஓரத்தில், வண்டிச் சக்கரம் அறுத்த தடத்தில் வரிசையாக நடந்தார்கள். ஒரு பர்லாங்கு தூரம் இப்படி. மேலே நான் ஒருவன், கீழே அவர்கள் பத்துப் பேர்.

"மேலே வாங்கம்மா," என்றேன். யாரும் வரவில்லை. எதிரே ஒரு பஸ் வந்தது. விளக்கு வெளிச்சம் அவர்கள்மேல் விழுந்ததும் நான், "ஹாத்தி, ஹாத்தி!" என்று கத்தினேன். ஜாக்கிரதை என்பதற்கு மலாய்ச் சொல். அவர்களுக்கு விளங்கவில்லை. பதறிக் கத்தும்போதுகூட என் வாயில் ஊர்ப் பேச்சு வரவில்லை. பஸ் புழுதியை வாரிவிட்டுப் போயிற்று. அவர்கள் கூடையைப் பிடித்தபடி ஒதுங்கி, மறுபடியும் அதே தடத்தில் இறங்கினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்காவுக்கு நடந்ததைப் பார்த்தும் இதிலேயே நடக்கிறீர்களே, உயிர்மேல் ஆசை இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

அம்சா நின்றாள். தோளில் இடிபட்டவள் அவள்தான். கூடையை அசைக்காமல் கண்ணைமட்டும் என் காலுக்குத் தாழ்த்தினாள். "உங்களுக்கு இன்னா அண்ணாத்தே," என்றாள், "பூட்ஸ் கீது."

மற்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். அவள் ஏளனமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். நான் அப்போதுதான் அவர்கள் கால்களைப் பார்த்தேன். பத்துப் பேரும் வெறுங்கால். ஊரில் வேறு எப்படி இருக்கும்? நானும் இருபத்தைந்து வயதுவரை அப்படித்தானே இருந்தேன்? வண்டித் தடத்துப் புழுதி மெத்தென்றிருக்கும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தானே?

குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன். காலுறையையும் கழற்றினேன். ஜல்லிமேல் ஓரடி வைத்தேன். இரண்டு வைத்தேன். ஐந்தாவது அடியில் கரைக்கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"உங்களுக்குத் தலையில ஒண்ணியும் இல்ல," என்றாள் அம்சா. "எங்களுக்குக் கூடை பாரம் வேற அமுக்குது. கீழ பாத்து நடக்கவும் முடியாது. மொத நாளு எல்லாரும் மேலதான் ஏறினோம். உங்க அக்காதான் எல்லாரையும் இட்டுகினு போச்சி. பூந்தமல்லி போறதுக்குள்ள அத்தோட காலு ரத்தமா பூட்ச்சி. மூணு நாளு அப்புடியே நடந்துச்சி. அப்பால முடியல."

"அடிபட்ட அன்றைக்கு?"

அவள் சற்று யோசித்தாள். சொல்லலாமா என்று பார்த்திருப்பாள். "பஸ்சு சத்தம் கேட்டுட்சி அண்ணாத்தே. ஒதுங்கத்தான் போச்சி. முந்தி இங்க சரிவா இருக்கும், அப்புடியே இறங்கிக்கலாம். இப்ப கல்லு கட்டிக்கீது இல்ல? அந்தக் கல்லுல விரல் தட்டி ரோட்டு பக்கமே உய்ந்துட்சி."

நான் பிடித்துக்கொண்டிருந்த கல் அது. அதே கல் என்றில்லை, அந்த வரிசைக் கல். ஆறங்குலம். வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. பூ துவளும் என்று பெண்கள் என்னை விட்டுவிட்டு வேகமாக நடந்து போனார்கள்.

7

காதர் பாய் கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் சுத்தியலை வைத்துவிட்டு, தகரப் பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். நான் அக்காவுக்கு எழுதிய நோட்டீஸ்.

"இத்த நான் படிச்சிக் காட்டல தம்பி," என்றார். "தம்பி ரொம்ப வருத்தப்படறாரு, சீக்கிரம் வரேன்னு எழுதிக்கீறாருன்னு சொன்னேன். பொய்தான். அல்லா மன்னிப்பான்."

"அவள் காலில் ரத்தம் வந்ததை நீங்கள் எனக்கு எழுதவில்லையே பாய்?"

"எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த அம்மா கையைப் புட்சிகினாங்க. எழுதாதேன்னுட்டாங்க." அவர் என்னைப் பார்க்காமல் ஒரு புனலை எடுத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "நீங்களே போயி கேளுங்க."

கேட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துதான் கேட்டேன். ஏன் அக்கா சொல்லவில்லை?

அவள் நீட்டிய காலைக் கையால் நகர்த்தி வைத்துக்கொண்டாள். பிறகு, "நீ இன்னா எனக்கு அடிக்கடியா எதுனா பண்றே?" என்றாள். "கடல் தாண்டிப் போயி குந்திகினு, அக்கா கேட்டுட்டான்னு ரெண்டு வருசம் எழுதி எழுதி வாங்கிக் குடுத்தே. அத்த எப்புட்றா குத்துதுன்னு சொல்றது?"

ஜானகி உள்ளேயிருந்து தன் கான்வாஸ் சப்பாத்தைக் கொண்டுவந்து அத்தை காலில் மாட்டப் பார்த்தாள். அக்காவின் பாதம் அகலம். விரல்கள் விரிந்தே வளர்ந்தவை. பாதிகூட நுழையவில்லை. "எனக்கு எதுக்குடி இதெல்லாம்," என்று அக்கா சிரித்தாள். ஆனால் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்து மாடத்தில் வைத்துக்கொண்டாள். நாங்கள் கப்பலேறும்போது ஜானகி, "இப்போ நாம வீட்டுக்குப் போறோம்," என்று சொன்னாள். பினாங்கைச் சொன்னாள். அவளைத் திருத்த எனக்கு என்ன யோக்கியதை?

புறப்படுமுன் அந்தச் சாலை ஆபீசுக்குப் போய் நேரிலேயே கேட்டுப் பார்த்தேன். கரைக்கல்லை எடுத்துவிட்டு, ஜல்லிமேல் மண் பரப்பித் தரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். குமாஸ்தா பழைய காகிதக் கட்டைத் தேடியெடுத்து, என் எழுத்தையே என் முன்னால் விரித்தார். 'ஜல்லி அவசியம்' என்ற இடத்தில் என் அடிக்கோடு. "நீங்க கேட்டபடியேதானே சார் போட்டிருக்கு?" என்றார் மரியாதையாக. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

8

போன வாரம் காதர் பாய் கடிதம் வந்தது. இந்தத் தடவை ஒரு சொல்கூட விடாமல் எழுதியிருக்கிறேன் என்று மேலே குறிப்பு.

நான் கிளம்பிய பிறகு அக்கா ஒரு வேலை தொடங்கியிருக்கிறாள். பூக்காரப் பெண்கள் சந்தையிலிருந்து திரும்பும்போது கூடை காலியாகத்தானே வரும்? திரும்புகிற வழியில் ஆளுக்கு ஒரு கூடை ஏரி வண்டல் அள்ளி வந்து பாதையில் கொட்டவேண்டும். கரைக்கல் இருக்கும் பக்கமாக மண்ணைச் சரித்து ஏற்றினால் கால் தட்டாது. ஒரு நாளைக்குப் பத்துக் கூடை. அவள் கோலை ஊன்றிக்கொண்டு போய், கொட்டிய மண்ணை அந்தக் கோலாலேயே தட்டிவிடுகிறாளாம்.

"கெணத்து வரிக்கும் வந்துட்சிடா," என்று அவள் சொன்னதை பாய் எழுதியிருக்கிறார். "அது வரிக்கும் மேலயே நடக்கறோம். அதுக்கப்பால ரோட்லதான். மழை வந்தா பாதி அடிச்சிகினு பூடும். பூட்டா மறுபடியும் கொட்டுவோம். ஓவர்சீயர் வந்து சர்க்கார் பாதையில மண்ணு கொட்டக் கூடாதுன்னு ஒரு காயிதம் குடுத்துட்டுப் போனாரு. காதர் பாய் அத்தச் சுருட்டி அடுப்பு பத்த வெச்சிட்டாரு. நீ கோச்சிக்காத. உன் கல்லை நாங்க எடுக்கல, அது அடியிலயே கீது."

கோபித்துக்கொள்ளாதே என்கிறாள். அந்த வரியை என்னால் தாங்க முடியவில்லை. கால் போனது அவளுக்கு; என் ஜல்லியை மண் போட்டு மூடியதற்கு என்னிடம் மன்னிப்பும் கேட்கிறாள். கிணறுவரை என்றால் பாதித் தூரம்கூட இல்லை. மீதித் தூரத்தில் நாளை காலையிலும் பஸ் வரும்.

அதனால்தான் இன்று சப்பாத்தைக் கழற்றினேன். வீட்டிலிருந்து ஆபீஸ் அந்தப் பாரிவாக்கம் நடையில் பாதிக்கும் குறைவு. அஞ்சடியில் சிமெண்டு வழவழவென்று இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. சரிதான், சமாளித்துவிடுவேன் என்றே நினைத்தேன். கடைத்தெரு நடுவில் அதே வெங்காய மூட்டைகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. போன மாதம்தான் நோட்டீஸ் கொடுத்தேன். சுற்றிப் போக ரோட்டில் இறங்கினேன். பழுது பார்ப்பதற்காக அங்கே ஜல்லி பரப்பியிருந்தார்கள். முப்பதடி தூரம் இருக்கும். அதைக் கடக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பின்னால் ரிக்ஷாக்காரர் மணி அடித்துக்கொண்டே நின்றார். ஒதுங்கச் சொன்னார். என்னால் ஒதுங்க முடியவில்லை.

ஆபீசுக்கு வந்து காலைத் துடைத்தேன். வலது குதிகாலில் ஓரிடத்தில் தோல் கிழிந்திருக்கிறது. மேஜைமேல் எழுதவேண்டிய நோட்டீசுகள் அடுக்கி இருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். காதர் பாய்க்கு முதலில் இரண்டு வரி: 'பாய், கீழே இருப்பதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் அக்காவுக்குப் படித்துக் காட்டுங்கள். மறைக்கவேண்டாம், அழகாக்கவும் வேண்டாம்.' அதற்குக் கீழே அக்காவுக்கு எழுத உட்கார்ந்தவன், மத்தியான மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். விளக்கம், வருத்தம், மன்னிப்பு என்று எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். கடைசியில் தாளில் மிஞ்சியது ஒரே வரி. மடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.

'அக்கா, குத்துது.'